மறித்தலியல்: மதுரைத் தெரு கிரிக்கெட்டில் குறுக்கே வருதல் பற்றிய ஓர் ஆய்வு

1. வரையறை

ரன் ஓடுபவர் ஃபீல்டரின் வழியிலோ, ஃபீல்டர் ரன் ஓடுபவரின் வழியிலோ, இருவர் வழியிலும் சம்பந்தமில்லாத மூன்றாமவரோ புகுந்து ஆட்டத்தின் போக்கைக் கெடுப்பது மறித்தல் எனப்படும். மதுரைத் தெருக்களில் இதற்குக் 'குறுக்க வர்றது' என்று பெயர். வேண்டுமென்றே குறுக்கே வந்தால் அது 'போங்கு'. வந்துவிட்டு வரவேயில்லை என்று சாதித்தால் 'அழுகுணி ஆட்டம்'. இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழி என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கருதக்கூடும். உண்மையில் இவை ஒரே நிகழ்வின் மூன்று கட்டங்கள். முதற்சொல் மோதும்போது பிறக்கிறது. இரண்டாவது, எதிரணி கூடிக் கத்தும்போது. மூன்றாவது, யாராவது கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது.

டென்னிஸ் பந்து, ரப்பர் பந்து, ஸ்டம்பர் பந்து ஆகியவற்றால் ஆடப்படும் ஆட்டங்களே இங்கு ஆராயப்படுகின்றன. கார்க் பந்தும் வெள்ளைச் சீருடையும் உள்ள ஆட்டங்கள் விலக்கப்பட்டுள்ளன. அங்கே இரு தரப்பையும் சாராத நடுவர் இருப்பதால் ஆய்வுக்குரிய பொருள் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை.

2. களம்

நூல்விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர், அகலம் 10 அடி. தெருவில் நீளம் காலடியால் அளக்கப்படும். அளப்பவர் பேட்டிங் அணியென்றால் காலடி விரியும், பந்துவீசும் அணியென்றால் குறுகும். இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் செருப்பை வைப்பது மரபு. பேட்டிங் முனையில் சுவரில் கரிக்கட்டையால் இழுத்த மூன்று கோடுகள் ஸ்டம்பு. ரன்னர் முனையில் செங்கலோ அந்தச் செருப்போ ஸ்டம்பு.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் கொண்ட தெருக்களும், அவற்றுக்கும் வெளியே வெளி வீதிகளும் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்துள்ளன. இவை தேருக்கும் பக்தருக்கும் வியாபாரத்துக்கும் உரியவை. கிரிக்கெட்டுக்குரியவை இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் சந்துகளும் முடுக்குகளுமே. முடுக்கில் ஒரு பைக் நின்றால் மிச்சமிருக்கும் இடத்தில் ஒருவர்தான் நடக்க முடியும். நூல் சொல்லும் 10 அடி அகலத்தில் இரண்டு பேட்ஸ்மேன்களும் ஆளுக்கொரு பக்கமாக ஓடிக்கொள்ளலாம். நடுவில் பந்துவீச்சாளருக்கும் இடம் உண்டு. முடுக்கிலோ தெருவின் முழு அகலமும் சேர்ந்தாலே ஓர் ஓட்டப்பாதைதான் தேறும். எனவே அங்கே நிகழும் மோதலுக்கு முதற்காரணம் ஆட்டக்காரரின் குணம் என்பதைவிட வீடு கட்டியவரின் சிக்கனம் என்பதே பொருத்தம்.

இதற்கு நேர்மாறான களம் வைகை ஆற்றுப்படுகை. அங்கே அகலத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே மணலில் பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஓர் ஆட்டத்தின் லாங் ஆன் அடுத்த ஆட்டத்தின் ஸ்லிப்புக்கு அருகில் நிற்பார். தனக்குச் சம்பந்தமில்லாத பந்தைப் பாய்ந்து பிடித்துவிட்டு, அது எந்த ஆட்டத்தின் பந்து என்று விசாரிப்பவரும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இறங்குவதற்காக ஆற்றில் தண்ணீர் விடும் நாட்களில் இக்களம் தானாகவே மூடப்படும்.

மூன்றாவது வகைக் களம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய இக்குளம் நீரின்றிக் கிடந்த ஆண்டுகளில் நகரின் பெரிய கிரிக்கெட் திடல்களுள் ஒன்றாக விளங்கியது. நடுவிலிருக்கும் மைய மண்டபம் எந்த அணியையும் சேராமல் எல்லா அணியையும் மறித்தது. அண்மை ஆண்டுகளில் வைகை நீர் கால்வாய் வழியே மீண்டும் வந்து சேர்ந்ததால் களம் மூழ்கிவிட்டது. இது மறித்தலியலுக்கு இழப்பு, ஊருக்கு லாபம்.

3. நூல்வழக்கு

கிரிக்கெட் விதிகளைத் தொகுத்துக் காப்பது லண்டன் லார்ட்ஸ் திடலிலுள்ள மேரில்போன் கிரிக்கெட் கிளப். அதன் 37-ஆம் விதி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பேட்ஸ்மேன் சொல்லாலோ செயலாலோ ஃபீல்டிங் அணியை வேண்டுமென்றே தடுத்தாலும் கவனம் சிதறடித்தாலும் அவுட் என்கிறது. தற்செயலாக நேர்ந்தாலோ, அடிபடாமல் தப்பிக்கும் பொருட்டு நேர்ந்தாலோ குற்றமில்லை. பந்தைக் கையால் தொடுவது முன்பு தனிக் குற்றமாக இருந்தது. 2017-இல் அதுவும் இவ்விதிக்குள் சேர்க்கப்பட்டது.

மறிப்பவர் ஃபீல்டர் என்றால் 41-ஆம் விதி பேசும். பேட்ஸ்மேனை வேண்டுமென்றே மறித்தால் பேட்டிங் அணிக்கு ஐந்து ரன் தண்டமாகக் கிடைக்கும். ஓடிக்கொண்டிருந்த ரன்னும் கணக்கில் சேரும். அந்தப் பந்து ஓவரில் எண்ணப்படாது. அடுத்த பந்தை யார் ஆடுவது என்பதைப் பேட்ஸ்மேன்களே முடிவு செய்யலாம்.

டெஸ்ட் வரலாற்றில் ஃபீல்டிங் அணியைத் தடுத்த குற்றத்துக்கு முதலில் ஆளானவர் இங்கிலாந்தின் லென் ஹட்டன். 1951-இல் ஓவல் திடலில், தன் பேட்டில் பட்டு மேலெழுந்த பந்தை அவர் மீண்டும் தட்டிவிட, தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் ரஸ்ஸல் எண்டீன் பிடிக்க வேண்டிய கேட்ச் நழுவியது. அதே எண்டீன் 1957-இல் கேப்டவுனில் பந்தைக் கையால் தடுத்து ஆட்டமிழந்தார். ஒரு பிழையால் பாதிக்கப்பட்டவர் அதன் ஒன்றுவிட்ட சகோதரப் பிழையைத் தானே செய்வதற்கு இது நூல்வழக்கிலுள்ள நல்ல சான்று. தெருவில் இதற்கு ஆறு ஆண்டு ஆவதில்லை. அடுத்த இன்னிங்ஸே போதும். இந்தியாவின் மொஹிந்தர் அமர்நாத் ஒருநாள் போட்டிகளில் இரண்டு வகையிலும் ஆட்டமிழந்தவர்: 1986-இல் மெல்போர்னில் பந்தைக் கையால் தொட்டு, 1989-இல் அகமதாபாதில் ஃபீல்டரைத் தடுத்து.

4. திணைப் பாகுபாடு

தமிழ் இலக்கணம் பொருள்களை உயர்திணை, அஃறிணை என்று பகுப்பதுபோல் மறித்தலையும் பகுக்கலாம்.

உயர்திணை மறிப்பு மனிதரால் நேர்வது. இது அகம், புறம் என இருவகைப்படும். ஆட்டக்காரர் மறிப்பது அகம். வழிப்போக்கர் மறிப்பது புறம். அகத்தில் மிகுதியாகக் காணப்படுவது, பந்துவீச்சாளர் வீசி முடித்த இடத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவது. புறத்தில் தலையாயது தண்ணீர்க் குடத்துடன் வருபவரின் மறிப்பு. "ஆள் வருது!" என்ற குரல் எழுந்ததும் பந்து செத்துவிடும். அக்குரலை எந்த அணியும் எழுப்பலாம். ஆனால் கேட்ச் காற்றில் இருக்கும்போது பேட்டிங் அணி எழுப்பினால் செல்லாது. துக்க ஊர்வலம் வந்தால் பேட் கீழே இறக்கப்படும். கொட்டுச் சத்தம் முனை திரும்பும்வரை ஆட்டம் இல்லை. இது எங்கும் எழுதப்படாத விதி. எந்த அணியும் மீறாத விதியும் இதுவே.

அஃறிணை மறிப்பு மாடு, நாய், மின்கம்பம், நிறுத்திய பைக் ஆகியவற்றால் நேர்வது. பந்து மாட்டின் மேல் பட்டால் ஆட்டம் தொடரும். மாடு பந்தின் மேல் படுத்தால் நின்றுவிடும். நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடினால் அதுவரை ஓடிய ரன் மட்டுமே உண்டு. களத்துக்குள் வரும் ஆளோ விலங்கோ பொருளோ ஒரு தரப்புக்குப் பாதகம் செய்தால் நடுவர் டெட் பால் அறிவிக்க வேண்டும் என்ற விதி லார்ட்ஸ் நூலில் 2022-இல்தான் சேர்ந்தது. முடுக்கில் அது நாய்க்கும் தெரிந்த செய்தி.

விரவுத்திணை மறிப்பு இரண்டுக்கும் பொதுவானது. ஸ்கூட்டரில் வருபவர் இடுப்புக்கு மேல் உயர்திணை, கீழ் அஃறிணை. அவர் திட்டினால் முதல்வகை விதியும், சக்கரம் பந்தின் மேல் ஏறினால் இரண்டாம்வகை விதியும் பொருந்தும். ஷேர் ஆட்டோ தனி நிலை. அடித்த பந்து அதற்குள் விழுந்தால் பெரியார் பேருந்து நிலையம் வரை போய்விடக்கூடும். அதற்கு ரன் இல்லை. பந்துக்காரருக்கு அனுதாபம் மட்டும் உண்டு.

5. உள்நோக்கம்

மறித்தலியலின் கடினமான பகுதி இதுவே. 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லின் மேல்தான் 37-ஆம் விதி முழுவதும் நிற்கிறது. ஓடுபவரின் நெஞ்சுக்குள் இருந்ததை வெளியிலிருப்பவர் அறிய மூன்று சோதனைகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது பார்வைச் சோதனை. ஓடுபவர் திரும்பிப் பந்தைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் மறித்தார் என்பது எதிரணி வாதம். பார்க்காமல் எப்படி ஓடுவது என்பது அவர் வாதம். இரண்டும் சரி என்பதால் இச்சோதனை எதையும் தீர்ப்பதில்லை. குரலைச் சூடேற்ற மட்டும் பயன்படும்.

இரண்டாவது வளைவுச் சோதனை. ஓடுபவர் தக்க காரணமின்றித் தன் தடத்தைக் கணிசமாக மாற்றி ரன் அவுட்டைத் தடுத்தால் அவுட் என்பது 2011 முதல் சர்வதேசப் போட்டிகளின் விதி. 2024 மே 12 அன்று சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிரான ஐ.பி.எல். ஆட்டத்தில், இரண்டாவது ரன்னுக்குப் போய்ப் பாதியில் திரும்பிய சென்னையின் ரவீந்திர ஜடேஜா, சஞ்சு சாம்சன் எறிந்த பந்தின் பாதையில் ஓடியதாக மூன்றாம் நடுவர் முடிவு செய்து அவுட் கொடுத்தார். புல்தரையில் இச்சோதனை எளிது. முடுக்கில் தடம் மாறுவதற்குத் தக்க காரணங்கள் அடிக்கொன்று உண்டு: உடைந்த சாக்கடை மூடி, படுத்திருக்கும் நாய், காயப்போட்ட வத்தல், வாசலில் போட்ட கோலம். கோலத்தை மிதித்தால் அந்த வீட்டுக்காரர் தரும் தண்டனை அவுட்டைவிடக் கடுமையானது. ஆகவே வளைந்து ஓடுபவர் தெருவில் சந்தேகத்துக்குரியவர் ஆவதில்லை. நேராக ஓடுபவரைத்தான் வெளியூர்க்காரரோ என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சத்தியச் சோதனை. இதில் ஏறுவரிசை உண்டு. அம்மா மேல் செய்யும் சத்தியம் அளவுக்கு மீறிப் புழங்கி மதிப்பிழந்துவிட்டது. மீனாட்சி மேல் செய்வது ஓரளவு எடுபடும். பாண்டி கோயிலில் வந்து சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயாரா என்று ஒருவர் கேட்டுவிட்டால் சோதனை உச்சத்தை அடைந்துவிட்டது என்று பொருள். பாண்டி முனியிடம் ஒரு ரன் அவுட்டுக்காக வம்பு வைத்துக்கொள்ளச் சத்தியம் செய்பவரும் விரும்புவதில்லை, செய்யச் சொன்னவரும் விரும்புவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் இறங்கி வருவர்.

உள்நோக்கம் இல்லாதபோது நூல் எப்படித் தடுமாறுகிறது என்பதற்கு 1999 பிப்ரவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் டெஸ்டைக் காட்டலாம். மூன்றாவது ரன்னுக்கு ஓடிய சச்சின் டெண்டுல்கர், ஸ்டம்பருகே நின்ற ஷோயப் அக்தருடன் மோதினார். பேட் கோட்டுக்குள் இல்லாத நொடியில் எல்லைப் பக்கமிருந்து எறிந்த பந்து ஸ்டம்பைத் தாக்கியது. நூல்படி அது ரன் அவுட். மூன்றாம் நடுவரும் அதையே சொன்னார். கூட்டம் ஏற்கவில்லை. ஆட்டம் தடைபட்டது. கடைசி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு வெற்று அரங்கில் போட்டியை முடிக்க நேர்ந்தது. அதே மோதல் செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ ஒரு முடுக்கில் நடந்திருந்தால் எட்டாவது இயலில் சொல்லப்படும் முறைப்படி அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

6. நடுவரும் முறையீடும்

தெரு ஆட்டத்தின் நடுவர் பேட்டிங் அணியைச் சேர்ந்தவர். தன் முறைக்குக் காத்திருப்பவர். ஓடுபவர் அவுட்டானால் இவருக்கு பேட்டிங் சீக்கிரம் வரும்; ஆகாவிட்டால் அணி ஜெயிக்கும். தன்னலமும் பொதுநலமும் இவ்வளவு நேராக மோதும் பதவி வேறு துறைகளில் அரிது. 31-ஆம் விதிப்படி முறையீடு இல்லாமல் நடுவர் அவுட் கொடுக்கக் கூடாது. தெருவில் இவ்விதிக்கு வேலையே இல்லை, ஏனெனில் முறையீடு இல்லாத பந்து அங்கே வீசப்படுவதில்லை.

தீர்ப்பு எளிதில் வருவதுமில்லை. விசாரிக்காமல் வழங்கிய ஒரு தீர்ப்பால் முன்னொரு காலத்தில் எரிந்ததாகக் காப்பியம் சொல்லும் ஊர் இது. அதனாலோ என்னவோ, எதிலும் நாலு பேரைக் கேட்காமல் முடிவெடுப்பதை இவ்வூரார் விரும்புவதில்லை. சாட்சிகள் வரிசையாக அழைக்கப்படுவர்: திண்ணையில் இருக்கும் தாத்தா, மாடியில் துணி காயப்போடும் அத்தை, ஆட்டத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன். மூன்றாமவரின் சாட்சியமே மிக உறுதியாக இருக்கும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்கிவருகிறது. மறித்தல் வழக்குகளுக்கோ அதைவிடப் பக்கத்தில் டீக்கடை பெஞ்ச் இருக்கிறது. அதற்கும் மேலான அதிகாரம் மூவருக்கு உண்டு. பந்துக்காரரின் அதிகாரம் பந்து தொலையும்வரை. பேட்டுக்காரரின் அதிகாரம் அவர் வீட்டில் கூப்பிடும்வரை. கரிக்கோடு போட்ட சுவருக்குச் சொந்தக்காரரின் அதிகாரத்துக்குக் கால எல்லை இல்லை. அவர் வெளியே வந்து "ஓரமா போய் விளாடுங்கப்பா" என்று சொல்லிவிட்டால் வழக்கு, தீர்ப்பு, களம் மூன்றும் ஒருசேரக் கலைந்துவிடும்.

7. அயல் ஆட்டங்கள்

1887-இல் சிகாகோவில் உள்ளரங்க ஆட்டமாகத் தோன்றிய சாப்ட்பால், தமிழகப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளிலும் ஆடப்படுகிறது. மறித்தலை அது இரண்டு பெயரிட்டுப் பிரிக்கிறது: ஓடுபவர் ஃபீல்டரைக் கெடுப்பது ஒன்று, ஃபீல்டர் ஓடுபவரைக் கெடுப்பது மற்றொன்று. அடித்த பந்தை எடுக்க ஃபீல்டர் நிற்கும்போது ஓடுபவர்தான் விலகிப் போக வேண்டும். தெரியாமல் மோதினாலும் அவுட். எறிந்த பந்தில் குறுக்கிட்டால் மட்டுமே உள்நோக்கம் பார்க்கப்படும். நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கும் வேலையை இப்படிப் பாதியாகக் குறைத்தது அதன் சாதனை. மோதலைத் தவிர்க்க முதல் தளத்தில் இரட்டைத் தளம் வைக்கும் வழக்கமும் அதில் உண்டு: வெள்ளைப் பாதி ஃபீல்டருக்கு, நிறமிட்ட பாதி ஓடுபவருக்கு. ரன்னர் முனையில் செங்கல் ஃபீல்டருக்கு, ஒரு முழம் தள்ளிச் செருப்பு ஓடுபவருக்கு என்று வைத்தால் இந்த ஏற்பாட்டை முடுக்கிலும் செலவின்றிக் கொண்டுவரலாம். செருப்பு யாருடையது என்பதில் மட்டும் தகராறு வரலாம்.

கிளித்தட்டில் மறிப்பதுதான் ஆட்டம். கோட்டில் நிற்பவர் மறிக்காவிட்டால்தான் குற்றம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் நிலைமை தலைகீழ். வாடிவாசலை அடைத்து நின்று காளையை மறிக்கக் கூடாது; திமிலைத் தவிர வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. வழியுரிமை ஓடிவருபவருக்கே என்ற கொள்கை இங்கே மிகத் தெளிவு. அதை மீறுபவருக்கு நடுவர் தண்டனை தர வேண்டிய அவசியம் பல நேரங்களில் எழுவதில்லை.

நூலும் தெருவும் முற்றிலும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. பந்து ஆட்டத்தில் இருக்கையில் ஃபீல்டரின் சம்மதமில்லாமல் பேட்ஸ்மேன் அதை எடுத்துக் கொடுத்தால் 37-ஆம் விதிப்படி அவுட் ஆகலாம். தெருவிலோ பந்து சாக்கடையில் விழுந்தால் அடித்தவர்தான் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால்தான் அவுட். லார்ட்ஸ் நூலைத் தொகுத்தவர்கள் சாக்கடையைக் கருத்தில் கொள்ளவில்லை என்பது இதனால் புலனாகும்.

8. வழுவமைதி

பிழையான வழக்கையும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வதை இலக்கணத்தார் வழுவமைதி என்பர். மறித்தலுக்கு மதுரைத் தெரு கண்ட வழுவமைதியின் பெயர் 'ரீ-பால்'. அவுட்டும் இல்லை, ரன்னும் இல்லை. அந்தப் பந்தே வீசப்படாததாகக் கொண்டு மீண்டும் வீசுவது.

நூலின் ஐந்து ரன் தண்டம் தெருவுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதற்குக் கணக்கிலேயே விடை உண்டு. ஆறு ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி எடுப்பது ஏறத்தாழ 30 ரன். அதில் ஐந்து என்பது ஆறில் ஒரு பங்கு. பண்டை அரசர் வாங்கிய இறைக்குச் சமம். அவ்வளவு வரியை எந்தக் குடியும் சண்டையில்லாமல் கட்டியதில்லை. அவுட் கொடுப்பதும் ஆபத்து. அணிக்கு நாலைந்து பேர் ஆடும் இடத்தில் ஒருவர் கோபித்துப் போனால் ஃபீல்டிங்குக்கு ஆள் குறையும். அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனால் ஆட்டமே நின்றுவிடும்.

நூல், யார் அவுட் என்பதைத் தீர்க்க எழுதப்பட்டது. தெருவழக்கு, ஆட்டம் நிற்காமலிருக்க ஏற்பட்டது. முன்னதற்கு உண்மை வேண்டும். பின்னதற்கு இருட்டுவதற்குள் இன்னும் நாலு ஓவர் வேண்டும். உள்நோக்கத்தை அறியவே முடியாத இடத்தில், அறிந்ததுபோல் தீர்ப்பளிப்பதைக் காட்டிலும் பந்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது நேர்மையான முறையும் ஆகும். ஒரே ஓவரில் ஒருவருக்கே மூன்று ரீ-பால் நேர்ந்தால் மட்டும் மூன்றாவது போங்கு எனக் கொள்ளப்படும்.

9. தொகுப்பு

இதுவரை ஆராய்ந்தவற்றைப் பின்வரும் ஐந்து விதிகளில் அடக்கலாம். ஓடுபவர் செருப்பையும் ஃபீல்டர் செங்கல்லையும் பார்த்து ஓடுக. ஆளோ வண்டியோ வந்தால் பந்து செத்தது. மோதியவர் இருவரும் எழுந்ததும் முழங்காலைப் பார்த்த பிறகே கத்தத் தொடங்குக. சத்தியம் பாண்டி கோயில்வரை போனால் ரீ-பால். தெருவிளக்கு எரிந்தும் பந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் நிலுவையிலுள்ள வழக்குகள் அனைத்தும் தள்ளுபடி. மறுநாள் ஆட்டம் முதல் பந்திலிருந்து, ட்ரையல் பாலுடன் தொடங்கும்.